ஆவணியில் விழும் இறகு

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு யார் எந்த உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், அங்கே கிடைக்கிற முதல் மருந்து ஒரு நாற்காலிதான். நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு காலில் விரிசல் விட்டு, அதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கும். கையில் ஆடு கத்திக்கொண்டிருக்கும், நமக்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். "உக்காருங்க" என்பார் அக்கா. "இல்லக்கா, அவசரம்" என்றால், "அவசரம்னு தெரிஞ்சுதான் உக்காரச் சொல்றேன்" என்பார். உட்காராமல் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட முடியாது.

அக்கா டாக்டர் இல்லை. டாக்டர் இரண்டு ஊருக்குச் சேர்த்து ஒருவர். காலையில் வந்து ஊசிகளைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். மீதி நேரமெல்லாம் உதவியாளரான அக்காவின் ஆட்சிதான். ஊரே அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டது. "டாக்டர் காலையில வருவாரு" என்று ஒவ்வொருவரையும் அலுக்காமல் திருத்துவார். ஒருவரும் திருந்தவில்லை. நான் மட்டும் அக்கா என்பேன். கனத்த உடம்பு, மெதுவான நடை, மூக்கு நுனியில் கண்ணாடி. வெள்ளைக் கோட்டில் மூன்றாவது பட்டன் கிடையாது. நான் தையல்காரி. பட்டன் இல்லாத துணியைப் பார்த்தால் கை அரிக்கும். தைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

இந்த "அது பாட்டுக்கு" என்பதுதான் அவருடைய மொத்த வைத்தியமும். நாய்க்கு முடி கொட்டுகிறதா, அது பாட்டுக்கு விடுங்க. கிளிக்கு வால் போய்விட்டதா, அது பாட்டுக்கு வரும். வேலை செய்ய அலுப்புப்பட்டுக்கொண்டு இப்படிச் சொல்கிறார் என்று பேசியவர்களும் உண்டு. முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று ஒயர் கூடையில் ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டு போயிருந்தேன். கழுத்தும் மார்பும் மொட்டையாகி, முட்டையும் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டில் சீக்கு என்று சொல்லி, குழம்புக்கு மசாலா அரைக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். காலையில் துணியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் ஜாக்கெட்டைக் கேட்கிற ஜனங்களோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவள் நான். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். வாசலில் நின்றபடியே, "ஊசி போடுங்கக்கா" என்றேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அக்கா கோழியை மடியில் வைத்து, வாயால் ஃபூ என்று ஊதி இறகை விலக்கினார். "இங்க கையை வைங்க" என்றார். வைத்தேன். தோலில் சின்னச் சின்ன முள்ளாகக் குத்தியது.

"தெரியுதா? இதெல்லாம் வரப்போற இறகு. குருத்து. கீழேருந்து இது தள்ளுது, மேல பழசு விழுகுது. முட்டை போடுற சத்தைப் பூராம் இப்ப இதுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு வேலையை ஒண்ணாப் பாக்க அதால முடியாது. நம்மள மாதிரியா?"

"எத்தனை நாளாகும்?"

"அதுக்கு எத்தனை நாள் வேணுமோ அத்தனை நாளாகும்."

"மருந்து?"

"கருவாட்டைப் பொடி பண்ணிக் கம்போட கலந்து போடுங்க. அப்புறம் அது பாட்டுக்கு விடுங்க."

கூடைக்குள் கிடந்த ஒரு இறகை எடுத்து, காம்பின் நுனியைக் காட்டினார். "தானா விழுந்த இறகுக்கு நுனி காஞ்சு, சுத்தமா இருக்கும். பிடுங்குன இறகா இருந்தா ஈரமோ ரத்தமோ ஒட்டியிருக்கும். நாய் புடிச்சுச்சா, தானாக் கொட்டுச்சான்னு இதைப் பாத்தே சொல்லிரலாம்." இரண்டு மாதத்தில் அந்தக் கோழி புதுப் புடவை கட்டினதுபோல் பளபளவென்று வந்து நின்று, முட்டையும் வைத்தது. மசாலா அரைத்த வீட்டுக்கு முதல் முட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

கொத்தமங்கலத்திலிருந்து ஒரு ஆச்சி காரில் வந்தது நான் அங்கே இருந்தபோதுதான். சென்னையிலிருந்த மகன் வெளிநாடு போனதால் அவனுடைய பெரிய லேப்ரடார் நாய் ஆச்சியின் தலையில் விழுந்திருந்தது. அந்த வீட்டில் முற்றம் மட்டுமே எங்கள் வீட்டைப்போல் இரண்டு இருக்கும். அவ்வளவு பெரிய வீடெங்கும் நாய் முடி பறக்கிறதாம். சாப்பாட்டில் முடி, பூசையறையில் முடி. மொட்டையடித்துவிடச் சொன்னார் ஆச்சி. அக்கா ஆச்சியை அந்த டியூப் கட்டிய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இரும்புச் சீப்பை எடுத்து ஒரு மணி நேரம் நாயை வாரினார். ஒரு தலையணைக்கு ஆகிற அளவு முடி. அதைப் பையில் கட்டி ஆச்சியிடமே நீட்டினார்.

"இதை நான் என்னத்துக்குக் கொண்டு போறது?"

"தோட்டத்துல ஒரு கிளையில தொங்க விடுங்க ஆச்சி. குருவி கூட்டுக்கு எடுத்துக்கிரும். மொட்டை மட்டும் அடிச்சிராதீக. அந்த முடிதான் அதுக்கு வெயிலுக்கும் குடை."

அடுத்த மாதம் ஆச்சி இன்னொரு பையோடு வந்தார். அதில் சீடை இருந்தது. தாழ்வார விளக்கில் குருவி கூடு கட்டியிருக்கிறதாம், உள்ளே முழுக்க நாய் முடிதானாம். அதைச் சொல்ல மட்டுமே கார் எடுத்து வந்திருந்தார்.

எல்லாமே இப்படி இனிப்பாக முடிந்துவிடவில்லை. ஒருமுறை ஓர் ஆட்டுக்காரர் வந்து, இரண்டு ஆட்டுக்கு முடி கொட்டுகிறது என்று வாயால் சொன்னார். ஆட்டைக் கூட்டி வரவில்லை. அக்காவும் நேரில் பார்க்காமலே, கோடை முடி, அது பாட்டுக்கு விடுங்க என்று அனுப்பிவிட்டார். அது சொறி. பதினைந்து நாளில் மந்தை முழுக்கப் பரவி, இரண்டு குட்டிகள் செத்துப்போயின. விஷயம் தெரிந்த அன்றே அக்கா அந்த ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போய், "நான் சொன்னது தப்பு. பாக்காமச் சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு மூன்று வாரம், வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் போய், ஒவ்வொரு ஆடாகப் பிடித்து மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டார். கையெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அதற்குப் பிறகு, தொட்டுப் பார்க்காமல் அக்கா எதையும் சொன்னதில்லை. காத்திருக்கச் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நான் புரிந்துகொண்டது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு தரம் போன் வந்தது. மணல் குவியலில் பாம்பு, அடிக்கப் போனால் ஓடவும் இல்லை, மந்திரிச்சு விட்ட பாம்புபோல என்று சொன்னார்கள். பாம்பு அவர் வேலையில் சேர்த்தியே இல்லை. ஆனாலும் போனார். அப்போது நான் புதுத் தரைக்குக் கல் பார்க்க அங்கே போயிருந்தேன். ஐந்தாறு பேர் கம்போடு நின்றார்கள். அக்கா கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "சாரை. கண்ணைப் பாருங்க, பால் கட்டியிருக்கு. சட்டை உரிக்கிற நேரம் அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பயந்துபோய்க் கெடக்கு" என்றார்.

"எங்களுக்கும் பயமாத்தானே இருக்கு" என்றார் மேஸ்திரி.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியுதுல்ல? ஒரு வாரம் இங்குட்டு மணல் அள்ளாதீக, அங்குட்டு அள்ளுங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து மேஸ்திரி அந்தச் சட்டையை ஒரு தரைக்கல் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். கழற்றிப் போட்ட காலுறை மாதிரி, தலையிலிருந்து வால்வரை உள்பக்கம் வெளியே புரண்டு முழுசாக இருந்தது. கண் இருந்த இடத்திலும் கண்ணாடித்தாள் போல் ஒரு சில்லு. "கண்ணு மேல இருந்ததையும் சேத்துக் கழட்டியிருக்கு பாருங்க" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அக்கா அதைக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியைச் சொல்கிற முகம்.

பிறகு அக்காவுக்கே டைபாய்டு வந்தது. வந்து போன இரண்டு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தனை வருஷம் ஊசி கேட்டவர்களுக்கெல்லாம் பொறுக்கச் சொன்னவருக்கு, இப்போது ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சின்ன வெங்காயம், வெந்தயம், செம்பருத்தி என்று குவிந்தது. என் மாமியார் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தனுப்பினார். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். முடி தானாகவே முளைத்துவிட்டது, கொஞ்சம் சுருட்டையாக. "எங்க எண்ணெய்தானே?" என்று அத்தை பெருமைப்பட்டார். ஆஸ்பத்திரி இரும்புக் கதவு அந்த மாதத்திலிருந்து கிறீச்சிடுவதை நிறுத்தியிருந்ததை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அத்தை என்றால் என் மாமியார். அவரையும் எங்கள் சேவலையும் சொல்லாமல் அக்காவைச் சொல்லி முடிக்க முடியாது.

ஒரு மாசி மாதம் என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து, காரைக்குடி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அப்போது அத்தை எங்கள் ஊர்க் கருப்பருக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். அவர் பிழைத்து வந்ததும், பங்குனியில் பொரித்த குஞ்சுகளில் சிவப்பாக இருந்த ஒன்றைக் காட்டி, "இது கருப்பருது" என்றார். கருப்பருக்கு ஆவணி கடைசிச் செவ்வாய் படையல். சேவல் அன்று அறுபட வேண்டும். அதுதான் நேர்த்தி. செய்யாவிட்டால் மகனுக்கு மறுபடி ஏதாவது வந்துவிடும் என்பது அத்தையின் பயம். அந்த வருஷ ஆவணிக்கு அது இன்னும் விடலைதான். அடுத்த வருஷம் கொண்டு வரச் சொல்லிவிட்டார் பூசாரி.

அடுத்த வருஷத்துக்குள் அது எங்கள் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. சாமிக்கு விட்டதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் கருப்பர் சொத்தை ஒருமையில் பேசலாமா? அதனால் அத்தை அதனிடம் மரியாதை கொடுத்தே பேசுவார். "எங்குட்டுப் போனீக இம்புட்டு நேரம்? மழையில நனையிறீக, உள்ள வாங்க." பெற்ற மகனுக்குக் கிடைக்காத மரியாதை. சேவலோ, என் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் வந்து, மிதிபலகைக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது அறுபடுவதில் துளியும் இஷ்டமில்லை. வீட்டுக்காரர் பிழைத்ததற்கு நேர்ந்ததை வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை.

அந்த ஆவணி பிறந்ததும் அதற்கு இறகு கொட்ட ஆரம்பித்தது. முதலில் கழுத்து, அப்புறம் மார்பு, சிறகு, கடைசியில் வால். வாலில் அரிவாளாக வளைந்து நின்ற இரண்டு நீள இறகும் விழுந்து, பின்பக்கம் மூளியாகிவிட்டது. கருப்பருக்குக் குறையுள்ளதைக் கொடுக்கக் கூடாது. அத்தைக்குத் தூக்கம் போயிற்று. படையலுக்கு முந்தின நாள் மத்தியானம், நான் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், சேவலை மடியில் இடுக்கிக்கொண்டு அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தார். பூ இல்லை. விழுந்த வாலிறகுகளையெல்லாம் பொறுக்கி வைத்து, ஈர வாழைநாரில் மல்லிகைச் சரம் கட்டுகிற அதே லாவகத்தோடு இறகுச் சரம் கட்டி, அதைச் சேவலின் பின்புறத்தில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வால்தான். அது நடக்கும்போதுதான் வால் ஒரு பக்கமும் சேவல் ஒரு பக்கமும் போனது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து சேவலை வாங்கி, முடிச்சை மெல்ல அவிழ்த்தார். நார் இறுக்கிய இடத்தில், புதிதாக முளைத்திருந்த குருத்து ஒன்று ஒடிந்து ரத்தம் வழிந்தது.

"ஐயையோ, கருப்பா" என்று அத்தை கையை உதறினார்.

"பயப்படாதீகம்மா. முளைக்கிற இறகுல ரத்தம் ஓடும். முழுசா வளந்தப்புறம்தான் காயும்." மஞ்சள் தூளை வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டார்: "நீங்க எதை நேர்ந்தீக? முழுச் சேவலைத்தானே?"

"ஆமா."

"இது இன்னைக்கு முழுசா இல்லை. வளந்துக்கிட்டிருக்கு. ஐப்பசி கடைசியில முழுசாயிரும்."

"படையல் நாளைக்குல்ல!"

"அப்ப அடுத்த ஆவணி. அது பாட்டுக்கு விடுங்க."

பூசாரியும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். கருப்பர் அவசரப்படுகிற சாமி இல்லையாம். அத்தை ஒரு தேங்காய் உடைத்துத் தவணை வாங்கிக்கொண்டார். விழுந்த இறகுகளைச் சாட்சிக்கு என்று கோயிலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஆவணி வந்தது. சேவலுக்கு வால் விழுந்தது. அதற்கு அடுத்த ஆவணியும் வந்தது, அப்போதும் விழுந்தது. "ஒங்க சேவலுக்குக் கருப்பர்கிட்டயே சிபாரிசு இருக்கு போல" என்று பூசாரி சிரித்தார். அத்தைக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டரம்மா, இது வருஷா வருஷம் ஆவணிக்குத்தான் கொட்டுமா?"

"டாக்டர் காலையில வருவாரு. உக்காருங்கம்மா."

"கொட்டுமா, கொட்டாதா?"

"கொட்டும். பகல் குறைய ஆரம்பிச்சா அதுக்குத் தெரிஞ்சிரும். மழைக்கு முன்னாடி புதுச் சட்டை போட்டுக்கிரும்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே." அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். "சந்தையில இன்னொரு சிவப்புச் சேவல் வாங்கிக் கருப்பருக்குக் கொடுத்திருக்கலாமேம்மா. மூணு வருஷமா நீங்களும் ஏன் வாங்கலை?"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து அதன் கையைத் தடவினார். "நேர்ந்தது இவுகளைத்தானே" என்றார் கடைசியில். "ஆமாம்மா" என்றார் அக்கா, சிரிக்காமல். வீட்டுக்கு வந்ததும் அத்தை முதல் வேலையாகச் சேவலுக்குக் கருவாடு இடித்தார்.

நான்காவது ஆவணியில்தான் சிக்கல் வந்தது. மாதம் பிறந்து பாதி போய்விட்டது. ஒரு இறகு விழவில்லை. கழுத்து நெருப்பாக மின்ன, வால் முழுசாக வளைந்து நிற்க, சேவல் மதில்மேல் ஏறிக் கூவிக்கொண்டிருந்தது. இந்த முறை சாக்கு ஒன்றும் இல்லை. படையலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அத்தை செருப்புக்கூடப் போடாமல் அக்காவிடம் ஓடினார், நானும் பின்னாலேயே.

"ஏன் இன்னும் கொட்டலை? அதுக்கு ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"உக்காருங்க."

"உக்காரல்லாம் முடியாது. பூசாரி வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. இந்த வருஷம் கட்டாயம்னு சொல்லிட்டாரு. எனக்கு..." அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது, மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான்.

சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சேவலை ஊதிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கீரி வருகிறது என்று ஆடி மாதம் என் வீட்டுக்காரர் கூண்டுக்கு மேல் ஒரு எல்இடி விளக்கு மாட்டியிருந்தார். பொழுது சாய்ந்தால் போட்டு, விடிந்தால்தான் அணைப்பார்.

"இதுதான். அதுக்கு இன்னும் பகல் குறையவே இல்லை. விளக்கை அணைங்க, அது பாட்டுக்கு விழுகும்."

"எப்ப விழுகும்?" என்று நான்தான் கேட்டேன்.

அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அன்றைக்கே விளக்கைக் கழற்றிவிட்டோம். அத்தை தினமும் விடிந்ததும் கொல்லையைக் கூட்டுகிற சாக்கில் தரையைத் தேடினார். ஒன்றும் இல்லை. நாமே ஒன்றைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அத்தையிடம் வாயைத் திறக்கவே பயம். சாமியிடம் ஒருமுறை வால் கட்டி ஏமாற்றப் பார்த்ததற்கே அவர் மூன்று வருஷமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து அக்கா மறுபடி வந்தார். அவராகவே டீ கேட்டார். அத்தை அடுப்படிக்குப் போனார். அளவு கொடுக்க ஒரு பெண் வந்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது சேவல் மாட்டுக்கொட்டகை மூலையில் கோபமாக நின்றது. அக்கா குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "டீ இருக்கட்டும்" என்றவர், உட்காராமல், என் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

விடிந்ததும் அத்தையின் குரல் கேட்டது. துவைகல்லுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். வளைந்த நீள வாலிறகு.

"இந்தாடி, எனக்குக் கண்ணு மங்குது. தானா விழுந்ததுதானே? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். காம்பின் நுனியில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் கழுத்தில் ஆரம்பிக்கிற உதிர்ப்பு இந்த வருஷம் வாலில் ஆரம்பித்திருக்கிறது. கழுத்தில் ஒரு இறகு குறையவில்லை.

"தானா விழுந்ததுதான் அத்தை" என்றேன்.

பூசாரி வந்து, ஒற்றை அரிவாள் இறகோடு நின்ற வாலைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆவணி என்றார். படையல் முடிந்து பதினைந்தாம் நாள் கழுத்து இறகு கொட்ட ஆரம்பித்து, வழக்கம்போல் எல்லாம் விழுந்தது.

அந்த இறகைப் பற்றி அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "அதுக்கு நுனியில புண்ணு ஏதும் இல்லையே? சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டார். எதையும் பிடுங்காதே, அதுக்கு வலிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷி. பார்க்கவே பாவமாக இருந்தது. இல்லக்கா, நல்லா இருக்கு என்றேன். கோட்டைக் கொடுங்கள், பட்டன் தைத்துத் தருகிறேன் என்றேன். அன்றைக்கு மட்டும் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த வைகாசியில் அக்காவை மானாமதுரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கடைசி நாள், ஆஸ்பத்திரி வாசலில் ஆடும் கோழியும் நாயுமாக ஒரே கூட்டம். ஊசிக்கு இல்லை, காட்டிவிட்டுப் போக. கொத்தமங்கலத்து ஆச்சிகூட நாயோடு வந்திருந்தார். கூட்டம் கலைந்தபிறகு, அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளப் பொட்டலம்.

"டாக்டரம்மா, இது ஒங்களது."

அக்கா பிரித்தார். அந்த வாலிறகு.

"கொட்டுன இறகையெல்லாம் வருஷா வருஷம் கருப்பர்கிட்ட வச்சிருவேன். இதை மட்டும் வைக்க முடியலை. நுனியில ரத்தம் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை, ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொன்னப்புறம் கண்ணாடி போட்டுப் பாத்தேன்டி." என் பக்கம் திரும்பவே இல்லை அத்தை. அக்காவிடம்தான் பேசினார். "என்னால முடியாததை எனக்காகச் செஞ்சீக. கருப்பர்கிட்ட நான் பேசிக்கிட்டேன். அவுகளுக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டியாச்சு. இனி சேவலைக் கேக்க மாட்டாக. பூசாரியும் சரின்னுட்டாரு. நீங்க இதை மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீக."

அக்கா அந்த இறகின் நுனியைப் பார்த்தார். இப்போது "உக்காருங்க" என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. டியூப் கட்டிய அந்த நீல நாற்காலியை இழுத்து, அவரே உட்கார்ந்துவிட்டார். அதில் அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். வாசலில் பஸ் வருகிற சத்தம் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். அத்தை அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"உக்காருங்க. அடுத்த பஸ்ஸு இருக்கு."